அளவறிந்த கைகள்

கந்தலைத் தைப்பது என்று நாம் எளிதாகக் கடந்துபோகும் வேலைக்குள் கறாரான ஒரு கணக்கு இருக்கிறது. குவில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வைக்குத் துணியை முதலில் பட்டைகளாக வெட்ட வேண்டும். தைத்தபின் பட்டை 2 அங்குலம் தெரிய வேண்டுமானால் 2½ அங்குலமாக வெட்ட வேண்டும். இருபுறமும் கால் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். பட்டைக்கு 1/16 அங்குலம் குறைந்தாலும், 16 பட்டைகளை இணைத்து முடிக்கும்போது முழுதாக ஓர் அங்குலம் காணாமல் போயிருக்கும். துணியை மடித்துப்போட்டு வெட்டுகையில் மடிப்புக்குச் செங்குத்தாக வெட்டாவிட்டால், விரித்துப் பார்க்கும்போது பட்டை நடுவில் முழங்கைபோல வளைந்திருக்கும். பாவு நூலின் போக்கில் வெட்டிய பட்டை அதிகம் இழுபடாது. ஊடு நூலின் போக்கில் வெட்டியது சற்று இழுபடும். கிராஸாக வெட்டியது நன்றாகவே இழுபட்டு ஓரம் அலையலையாய் நிற்கும். 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் உருளைக் கத்தியைக் கொண்டுவருவதற்கு முன்னால், இத்தனையையும் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டுதான் பெண்கள் செய்தார்கள்.

இந்த அறிவை ‘உள்ளுணர்வு’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். என் புகார் அதைப் பற்றியது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவு ஒன்றுக்குள் இருக்கிறது ஜீஸ் பெண்ட். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் வாழும் ஊர். அவ்வூர்ப் பெண்களின் குவில்ட்டுகள் 2002இல் ஹூஸ்டனிலும், தொடர்ந்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. நியூயார்க் டைம்ஸின் கலை விமர்சகர் மத்தீஸையும் பால் க்ளேயையும் துணைக்கழைத்துப் பாராட்டினார். பாராட்டு நியாயமானதுதான். ஆனால் இந்தக் குவில்ட்டுகளைப் பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருவது, அளக்காமல் மனம்போன போக்கில் வெட்டிய பெண்கள் என்ற சித்திரம். மத்தீஸின் சாய்ந்த கோட்டுக்குப் பின்னால் பயிற்சியைத் தேடுகிறவர்கள், இப்பெண்களின் சாய்ந்த பட்டைக்குப் பின்னால் வெகுளித்தனத்தைத் தேடுகிறார்கள்.

வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. குடியுரிமைப் போராட்டத்தின் விளைவாக 1966இல் அதே வட்டாரத்தில் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற பெண்கள் கூட்டுறவு தொடங்கியது. ஜீஸ் பெண்ட் பெண்களும் அதில் வேலை செய்தார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் அதற்குக் கிடைத்தது. கடையில் விற்கும் உறை ஒன்றைப்போல் ஒன்று இருந்தாக வேண்டும். கார்டுராயில் மேடும் பள்ளமுமாக வரிகள் நேராக ஓடும்; கோணி வெட்டினால் வரியே காட்டிக்கொடுத்துவிடும். அந்த வேலையில் மிஞ்சிய துணிகள் வீட்டுக்கு வந்தன. அவற்றிலிருந்து பிறந்த குவில்ட்டுகளும் பின்னாளில் அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. நிறுவனத்துக்கு நேராக வெட்டத் தெரிந்த ஊர், தனக்கென்று வெட்டும்போது பட்டையை அகலமாக்கியது, ஒடுக்கியது, சாய்த்தது. இதைத் தெரியாமை என்று எப்படிச் சொல்வது? அது தெரிவு. அந்தப் பாணிக்கு அவர்களே ‘மை வே’ என்று பெயரும் வைத்தார்கள்: என் வழி.

நம் தரப்பிலிருந்தும் ஓர் அவசரம் நடக்கிறது. நேர்க்கோடு ஆணாதிக்கம், கோணல் விடுதலை என்று மாணவிகள் கட்டுரை எழுதிக் கொண்டுவருகிறார்கள். கவிதைக்கு அது கவர்ச்சியான வரி. பெண்ணின் உழைப்புக்கு அநியாயம். கணக்குத் தெரிந்தவர் கூலி உயர்த்திக் கேட்கலாம். வரம் பெற்றவருக்குக் கைதட்டல் போதும் என்று உலகம் நினைக்கும்.

நன்னூல் பாயிரம் நூல் என்ற சொல்லை இரண்டு உவமைகளால் விளக்குகிறது. ஒன்றில் புலவன், பஞ்சிலிருந்து இழை நூற்கும் பெண்ணாகிறான். மற்றதில் நூல், மரத்தின் கோணலைத் தீர்க்கப் பிடிக்கும் நூல். ஆண்டுதோறும் இதைப் பாடம் நடத்துகையில் எனக்கு ஒரு பங்கீடு கண்ணில் படுகிறது. இழை பெண்ணிடம் இருக்கிறது. கோணல் பார்க்கும் நூல் தச்சரிடம் இருக்கிறது. பட்டறையில் ‘ஒரு நூல்’ என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. அந்த நூலும் பெண்கள் கையில் இருந்திருக்கிறது என்பதற்கு ஜீஸ் பெண்டின் ‘ஹவுஸ்டாப்’ வடிவமே சான்று. நடுவில் ஒரு துண்டு. அதைச் சுற்றிப் பட்டைமேல் பட்டை. ஒவ்வொரு புதுப் பட்டையும் அதுவரை வளர்ந்த பக்கத்தின் நீளத்துக்குச் சரியாக நிற்க வேண்டும். டேப் இல்லாவிட்டால் பட்டையைப் பக்கத்தின்மேல் வைத்துப் பார்த்தால் போதும். அதுவும் அளப்பதுதான்.

நம் சமையலறையில் உப்பின் அளவறிந்தவளுக்குக் கைமணம் என்கிறோம். தையலில் அளவறிந்தவளுக்குக் கைவந்த கலை என்கிறோம். அவள் எத்தனை முறை தவறவிட்டு, எத்தனை முறை பிரித்துத் தைத்துக் கற்றாள் என்பதை இந்தச் சொற்கள் விழுங்கிவிடுகின்றன. ஆகவே என் மாணவிகளிடம் இப்போது ஒன்று கேட்கிறேன்: ஒரு பெண்ணின் வேலையைப் பற்றி எழுதும்போது ‘இயல்பாக’ என்ற சொல்லைத் தள்ளிவையுங்கள். எத்தனை அங்குலம், எத்தனை பட்டை, எத்தனை மணிநேரம் என்று அவளிடமே கேட்டு, முதலில் அதை எழுதுங்கள். அழகு பற்றிய வாக்கியம் அதற்குப் பிறகு வரட்டும்.