சோளக்காட்டுக் கப்பல்

நியூ ஜெர்சியின் மூர்ஸ்டவுனில் நெடுஞ்சாலையோரம் ஒரு போர்க்கப்பலின் மேற்கட்டு நிற்கிறது. கீழே கடல் இல்லை, சாதாரணக் கட்டடம்தான். ‘சோளக்காட்டுக் குரூசர்’ என்பது செல்லப்பெயர். எதிரி ஏவுகணைகளிலிருந்து கப்பலைக் காக்கும் அமெரிக்கக் கடற்படையின் ஏஜிஸ் போர் அமைப்பின் ரேடாரையும் கணினிகளையும் 1970களிலிருந்து இங்கே கோத்துச் சோதித்தார்கள்.

அதற்கு முன்பெல்லாம் ரேடார் ஓரிடத்தில், ஏவுகணை வேறிடத்தில் தயாராகும். இரண்டும் ஒத்துப்போகுமா என்பது கப்பலில் ஏற்றிய பிறகுதான் தெரியும். இதை மாற்ற, ஏஜிஸ் திட்டத்தை நடத்திய அட்மிரல் வெய்ன் மேயர் கொஞ்சம் செய்து, சோதித்து, பிறகே அடுத்ததைத் தொடச் சொன்னார்.

எனக்குப் பிடித்தது ஏஜிஸின் எண்கோண ரேடார் முகம். சுழலவே சுழலாது, கப்பலில் நான்கு முகங்கள் சேர்ந்து சுற்றிலும் பார்க்கும். ஆன்டெனா ஒரு சுற்று முடித்து வரும்வரை காத்திருக்க எதிரி ஏவுகணைக்குப் பொறுமை ஏது? கப்பலின் உடலுக்கு மட்டும் சிக்கனம்: 1983இல் படையில் சேர்ந்த ஏஜிஸ் கப்பலான டிகாண்டெரோகாவுக்கு, ஸ்ப்ரூயன்ஸ் வகை நாசகாரியின் வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள்.