ஒன்றரைக் கிலோ லென்ஸும் கெலவரப்பள்ளி அணையும்

புதிய லென்ஸ் கைக்கு வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, ட்ரைபாட் போட்டு, இருபதடி தள்ளி நின்று படமெடுப்பார்கள். பிறகு கணினியில் நூறு சதவீதம் பெரிதாக்கி எழுத்தின் ஓரங்களைப் பார்ப்பார்கள். எழுத்து கூர்மையாக இருந்தால் லென்ஸ் தேறிவிட்டது. பறவைகளுக்காக வாங்கும் எடை குறைந்த டெலிபோட்டோ லென்ஸுக்கு இந்தச் சோதனை போதவே போதாது என்பது என் எண்ணம். நல்ல நிறுவனங்களின் இன்றைய லென்ஸ்களில் எழுத்தைக் கூர்மையாகக் காட்டாதவை குறைவு. எடை குறைந்ததற்கு நாம் கொடுத்திருக்கும் விலை வேறு இடங்களில் இருக்கிறது. அது தெரிய வேண்டுமானால் லென்ஸை ஏதாவதொரு நீர்நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஓசூர்க்காரர்களுக்குக் கெலவரப்பள்ளி அணை இருக்கிறது.

நந்தி மலையில் பிறந்து, பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுநீரைச் சுமந்துகொண்டு வரும் தென்பெண்ணை, தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் தேங்குவது இங்கேதான். அணையின் முழு உயரம் 44.28 அடி. மதகு திறக்கும் நாட்களில் ஆற்றில் நுரை பொங்கிக் காற்றில் பறக்கும். அந்த நுரையால்தான் ஊரின் பெயர் செய்திகளில் அடிபடுகிறது. நாற்றமும் உண்டு. ஆனாலும் பறவைகள் வருகின்றன. நெடுங்கால் உள்ளான்கள் சேற்றோரத்தில் மேய்கின்றன. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நத்தைக்குத்தி நாரையும் இறங்குகின்றன. புள்ளிமூக்கு வாத்துகள் நீர் நடுவில் மிதக்க, ஆற்று ஆலாக்கள் மேலே வட்டமிட்டு மீனுக்குப் பாய்கின்றன. கழிவு கலந்த சேற்றில் புழுக்கள் பெருகுவதால் உள்ளான்களுக்குத் தீனி கிடைக்கிறது. அந்தத் தீனி அவற்றை நாளடைவில் என்ன செய்யும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே பேச்சு லென்ஸைப் பற்றியது.

லென்ஸின் எடையைப் பெரும்பாலும் முன்கண்ணாடியின் அகலம் முடிவு செய்கிறது. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் விட்டம் வந்துவிடும். 600 மி.மீ. எஃப்4 என்றால் 150 மி.மீ. வாய். எஃப்6.3 என்றால் 95. எஃப்11 என்றால் 55க்கும் கீழே. கண்ணாடியின் அகலம் கூடக் கூட, அதன் தடிமனும் தாங்கும் உலோகமும் சேர்ந்து எடை மளமளவென்று ஏறுகிறது. கேனான், நிக்கான், சோனி மூன்றின் இன்றைய 600 மி.மீ. எஃப்4 லென்ஸ்களும் மூன்று கிலோவுக்கு மேல்தான். நிக்கான் 2023இல் கொண்டுவந்த 600 மி.மீ. எஃப்6.3 பி.எஃப். லென்ஸ் 1,470 கிராம். கேனான் 2020இல் விட்ட 600 மி.மீ. எஃப்11 வெறும் 930 கிராம். அதே நிறுவனத்தின் 100–400 மி.மீ. ஆர்.எஃப். ஸூம் 635 கிராம். தோள்பையில் போட்டுக்கொண்டு மறந்துவிடலாம்.

ஓசூரில் இந்த எண்களுக்குத் தனி அர்த்தம் உண்டு. இங்கே பறவை பார்க்கப் போகிறவர்களில் பலர் சிப்காட் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் பைக்கை அப்படியே அணைக்கரைக்குத் திருப்புகிறவரிடம் மூன்று கிலோ லென்ஸும் அதைத் தாங்கும் ட்ரைபாடும் இருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் பைக்கில் கொண்டுவர முடியாது. எடை குறைந்த லென்ஸின் முதல் பலம், அது கூட வருகிறது என்பதே. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. பறவைப் படமெடுப்பு கார் வைத்திருப்பவர்களின் கையைவிட்டுக் கீழே இறங்கியதற்கு இந்த லென்ஸ்கள்தான் பெரிய காரணம்.

இனி அந்த எடைக் குறைவுக்கு நாம் கொடுக்கும் விலை. டிசம்பர், ஜனவரிக் காலைகளில் ஓசூர் மேட்டுநிலம் பனிமூட்டத்தில் கிடக்கும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது அப்போதுதான், வெளிச்சம் இல்லாததும் அப்போதுதான். அப்படியொரு மங்கலில் ஆற்று ஆலாவின் பாய்ச்சலை உறைய வைக்க 1/1600 நொடி வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். எஃப்4 லென்ஸுக்கு ஐ.எஸ்.ஓ. 2500 போதுமானால், எஃப்6.3க்கு 6400 தேவைப்படும். எஃப்11க்கு ஏறக்குறைய 19,000. 6400இல் வரும் நாய்ஸை இன்றைய மென்பொருள் சுத்தமாக்கிவிடும். 19,000இல் அது இறகின் வரிகளையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. ஆலாவின் சாம்பல் முதுகு மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும். ஆகவே எஃப்11 லென்ஸ் வாங்குகிறவர் எட்டு மணிக்கு முந்தைய பொழுதை விற்றுவிட்டுத்தான் வாங்குகிறார். வெயில் ஏறிய பிறகு மட்டுமே வர முடிகிறவருக்கு அதில் நஷ்டமில்லை. விடியலில் மட்டுமே வர முடிகிறவருக்கு அந்த லென்ஸ் உதவாது. செய்தித்தாள் சோதனை இந்த இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான் போடும்.

அடுத்தது தூரம். கெலவரப்பள்ளியில் பறவைகள் கரையோரம் நமக்காக வந்து நிற்பதில்லை. ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் நெடுங்கால் உள்ளானைப் பாருங்கள். அதன் நீளம் 38 செ.மீ. என்று கொண்டால், 400 மி.மீ. லென்ஸ் சென்ஸார் மேல் விழச்செய்யும் பிம்பம் மூன்று மி.மீ. மட்டுமே. முழுச்சட்ட சென்ஸாரின் அகலம் 36 மி.மீ.; படத்தில் பறவை பன்னிரண்டில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் சுமார் 500 பிக்சல். 600 மி.மீ. லென்ஸில் அது 760 ஆகும். அடையாளத்துக்கு 500 போதும், கண்ணின் சிவப்பும் மூக்கின் ஊசிமுனையும் தெரிய வேண்டுமென்றால் போதாது. ஆனால் அணையைச் சுற்றிய வயல்களிலும் ரோஜாப் பசுமைக்குடில்களின் ஓரங்களிலும் பஞ்சுருட்டான், கரிச்சான், ஆள்காட்டி என்று பக்கத்தில் வரும் பறவைகளுக்கு 635 கிராம் ஸூமைப் போல வசதியானது வேறில்லை. ஒரே ஊர், இருநூறடி வித்தியாசத்தில் இரண்டு தீர்ப்பு.

தூரத்தோடு சேர்ந்து வருவது கானல். லென்ஸ் சோதனைகளில் நான் பார்த்த அநியாயங்களிலேயே பெரியது இதில்தான் நடக்கிறது. பத்து மணி வெயிலில் நூறு மீட்டர் தள்ளி நிற்கும் நாரையைப் படமெடுத்துவிட்டு, படம் கொழகொழவென்று இருப்பதைப் பார்த்து, 'லென்ஸ் சரியில்லை' என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். சூடேறிய சேறும் கரைக் கற்களும் மேலே தள்ளும் காற்று பிம்பத்தை அலைக்கழிக்கிறது. அதற்கு எந்த விலை லென்ஸும் மருந்தில்லை. குற்றம் காற்றினுடையதா கண்ணாடியினுடையதா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. அசையாத ஒன்றை, அதாவது மதகின் கம்பியையோ கரையோரக் கல்லையோ, ட்ரைபாடில் வைத்துத் தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து படம் எடுங்கள். ஒன்று கூர்மையாகவும் அடுத்தது கலங்கலாகவும் மாறி மாறி வந்தால் காற்றுதான் காரணம். எல்லாமே ஒரே மாதிரி மந்தமாக இருந்தால் லென்ஸையோ போகஸையோ சந்தேகிக்கலாம். அதே வெயிலில் பத்து மீட்டரில் இருக்கும் செடியையும் எடுத்துப் பார்க்க வேண்டும்; அது கூர்மையாக வந்தால் லென்ஸின் மேல் பழி இல்லை.

நுரை வேறொரு குறையைக் காட்டிக்கொடுக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2001இல் கேனானின் 400 மி.மீ. எஃப்4 டி.ஓ. லென்ஸில் தொடங்கி, 2015இல் நிக்கானின் 755 கிராம் 300 மி.மீ. எஃப்4 வழியாக இன்றைய பி.எஃப். லென்ஸ்கள் வரை, எடையைக் குறைக்க ஒரு தனி உத்தி கையாளப்படுகிறது. ஒரு கண்ணாடியின் பரப்பில் மிக நுண்ணிய வட்ட வட்டமான படிகளைச் செதுக்குகிறார்கள். சாதாரணக் கண்ணாடி நிறங்களைப் பிரிக்கும் திசைக்கு நேரெதிர்த் திசையில் இந்தப் படிகள் பிரிப்பதால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். நிறப்பிழையைத் திருத்தத் தேவைப்படும் கனத்த கண்ணாடிகள் சில தேவைப்படாமல் போகும். லென்ஸ் குட்டையாகும். கலங்கரை விளக்குகளுக்காகப் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனல் 1820களில் செய்த படிக்கட்டுக் கண்ணாடியின் நினைவாகத்தான் பி.எஃப். (ஃபேஸ் ஃபிரெனல்) என்ற பெயரில் அவர் பெயரும் நிற்கிறது.

இந்த உத்திக்கு ஒரு பலவீனம் உண்டு. சட்டத்துக்குள் கூசும் ஒளிப்புள்ளி இருந்தால் அதைச் சுற்றி நிறவளையம் தோன்றலாம். போகஸுக்கு வெளியே இருக்கும் ஒளிப்புள்ளிகளுக்குள் வெங்காயத்தை அறுத்தாற்போன்ற வளையங்கள் தெரியலாம். காட்டுக்குள் இது யாருக்கும் தெரியாது. சூரியனை எதிர்நோக்கி, நுரைத் திட்டுக்குப் பின்னால் நடக்கும் உள்ளானைக் குறிவைத்தால் தெரியும். நுரையின் ஒவ்வொரு குமிழியும் ஒரு விளக்கு, அலையின் ஒவ்வொரு மினுக்கமும் ஒரு விளக்கு. புதிய பி.எஃப். லென்ஸ்கள் இதை நன்றாகவே கட்டுப்படுத்துகின்றன. ஆனாலும் வாங்குமுன் பார்த்துவிட வேண்டிய சோதனை இது. இதற்குக் கெலவரப்பள்ளியைவிடக் கடுமையான பரீட்சை மேடை எனக்குத் தெரியாது. சிக்மா 2024இல் அத்தகைய படிகள் எதுவுமின்றியே 500 மி.மீ. எஃப்5.6 லென்ஸைச் சுமார் 1.37 கிலோவில் செய்துகாட்டியிருப்பதையும் சொல்ல வேண்டும்.

பின்னணியும் கணக்கில் வரும். பின்னணி எவ்வளவு கரையும் என்பது அதே வாய் விட்டத்தைப் பொறுத்தது. இங்கே பறவைக்குப் பின்னால் இருப்பவை உயர்மின் கோபுரம், தொழிற்சாலைக் கூரை, பசுமைக்குடிலின் வெள்ளை பாலித்தீன். 150 மி.மீ. வாய் அவற்றை நிறமாகக் கரைத்துவிடும். 55 மி.மீ. வாய் அவற்றை உருவமாகவே விட்டுவைக்கும். பலர் இதைக் குறையென்று தள்ளுகிறார்கள். நான் முழுதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூழைக்கடாவுக்குப் பின்னால் புகைபோக்கி தெரிந்தால் அது கெலவரப்பள்ளியின் உண்மையான படம். பச்சைப் பின்னணியில் மிதக்கும் பறவை எந்த ஊரின் பறவையாகவும் இருக்கலாம்.

கையில் பிடித்து எடுக்கும்போது எடை குறைந்த லென்ஸ் தன் பலத்தையெல்லாம் காட்டுகிறது. ஆலா எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ட்ரைபாடில் மாட்டிய பெரிய லென்ஸ் திரும்புவதற்குள் அது மீனோடு மேலே போயிருக்கும். ஒன்றரைக் கிலோ லென்ஸ் கண்ணோடு சேர்ந்து திரும்பும். ஆனால் மிகவும் எடை குறைந்தவற்றில் எதிர்பாராத சங்கடம் ஒன்று உண்டு: கனத்துக்கே ஒரு நிதானம் இருக்கிறது, அது கைநடுக்கத்தை விழுங்கிவிடும். அணைக்கரையில் காற்று வீசும்போது 930 கிராம் குழாய் படபடக்கிறது. நடுக்கத் தடுப்பு ஓரளவுக்குத்தான் ஈடுகொடுக்கிறது. அந்த எஃப்11 லென்ஸில் ஆட்டோபோகஸ் சட்டத்தின் மையப்பகுதியோடு நின்றுவிடுவதும் இங்கே உறுத்தும். பறவை ஓரத்துக்குப் போனால் பிடி நழுவும்.

எந்தச் சோதனைப் பட்டியலிலும் இல்லாத ஒன்றுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. லென்ஸின் குவியத் தூரம் குறைந்தால் அந்தக் குறையைப் பறவை சுமக்கிறது. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் காலத்தில், பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவர் தானே உருவாக்கிய 'சூப்பர் பாண்டெரோசா'வைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்த காலத்தில், நீண்ட லென்ஸ் எளிதில் கிடைக்கவில்லை. மறைவிடம் கட்டிக் காத்திருப்பதுதான் அன்றைய படமெடுப்பாளர்கள் பலரின் வழி. இன்று அந்தப் பொறுமை குறைந்துவிட்டது. 400 மி.மீ. லென்ஸோடு வருகிறவர் படம் சிறியதாக இருக்கிறதென்று பத்தடி முன்னே வைக்கிறார், பிறகு இன்னும் பத்தடி. உள்ளான் முதலில் தலையை மேலும் கீழும் ஆட்டும், பிறகு கீச்சிடும், பிறகு கூட்டமே எழும்பிவிடும். மார்ச்சுக்குப் பிறகு அது முட்டையிட்டிருக்கும் காலமாக இருந்தால், எழும்பிய பறவை திரும்பி வரும்வரை முட்டைகள் வெயிலில் கிடக்கும். ஆகவே ஒரு லென்ஸைச் சோதிக்கும்போது, பறவை மேய்ச்சலை நிறுத்தாத தூரத்தில் நின்றுகொண்டே நமக்கு வேண்டிய படம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த லென்ஸ் இந்த நீர்நிலைக்குப் பொருந்தாது, எவ்வளவு கூர்மையாக இருந்தாலும்.

அந்தக் கணக்கில், நீர்ப்பறவைகளே குறி என்றால் ஒன்றரைக் கிலோ எடையில் 500 அல்லது 600 மி.மீ. ப்ரைம் லென்ஸ் பக்கம்தான் நான் நிற்பேன். அதற்கு வசதியில்லாதவர்கள் சிறிய சென்ஸார் கேமராவோடு 1,120 கிராம் எடையுள்ள ஒலிம்பஸ் 100–400 மி.மீ. ஸூமைப் பார்க்கலாம். முழுச்சட்டத்தின் 800 மி.மீ.க்கு நிகரான நெருக்கம் கிடைக்கும், மங்கலில் மட்டும் திணறும். எதுவானாலும் பெங்களூரில் வாடகைக்கு எடுத்து வார இறுதி முழுக்க வைத்திருக்கலாம். நாற்பது கிலோமீட்டர் தூரம்தான். ஜனவரிப் பனியில் ஒருமுறை, மார்ச் வெயிலில் ஒருமுறை, ஒரே கரையில் ஒரே இடத்தில் நின்று எடுத்து, இரண்டு நாள் படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகு பணத்தை எடுத்தால் போதும்.