சேகரிப்பும் சிந்தனையும் – டிஜிட்டல் குறிப்பேடு பற்றிய சில அவதானங்கள்

எழுத்து முயற்சியில் ஈடுபட்டிருக்கும் நம் இளைய நண்பர்கள் பலர் இப்போது கொப்பியும் பேனையுமாக வருவதில்லை. வாசித்தவற்றுள் மனதுக்குப் பிடித்தவற்றைக் கையடக்கத் தொலைபேசியிலேயே சேமித்துக்கொள்கிறார்கள். இதற்கெனப் பல செயலிகள் உள்ளன. அவற்றைக் கையாளும் விதத்தைக் கற்பிக்கும் நூல்களும் உள்ளன. இவ்வழக்கத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. நானும் அதைக் கைக்கொள்பவனே. எனினும், அதன் பின்னாலுள்ள ஒரு கருத்தை நாம் ஆராயாமலே ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று தோன்றுகிறது. என் சொந்த அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

ஆசிரிய கலாசாலையில் பயின்ற காலத்தில், 2005இல், விடுமுறைக்கு வீடு வந்திருந்தபோது மூத்தம்மாவிடமிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட கவிகளைக் கேட்டு எழுதினேன். வயற் காவலிலும் சூடடிப்பிலும் பாடப்பட்டவை அவை. “இதையெல்லாம் எழுதி என்ன செய்யப் போறாய் மகன்?” என்று மூத்தம்மா கேட்டார். “சும்மாதான் மூத்தம்மா” என்றேன். சீ.ஆர். கொப்பியில் எழுதியவற்றைப் பின்னர் நண்பர் ஒருவரின் கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வைத்தேன். கொப்பியைக் கறையான் தின்றுவிட்டது. கணினிக் கோப்பு மட்டும் எஞ்சியது.

மூத்தம்மா மௌத்தாகிப் பல வருடங்களின் பின், 2021இல், அக்கவிகள் பற்றி ஒரு கட்டுரை எழுத எண்ணி அக்கோப்பைத் தொலைபேசியில் திறந்தேன். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கிடந்தன. பாமினியின் அமைப்பு அத்தகையது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து உருவாக்கப்பட்ட எழுத்துரு அது. எழுத்துரு இல்லாத கருவியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்தே தெரியும். நாம் இட்ட ஒவ்வொரு புள்ளியும் அரைப்புள்ளியாகத் தோன்றும். ஆனால் இது தீர்க்கக்கூடிய குறை. எழுத்துரு மாற்றி ஒன்றின் உதவியுடன் சில நிமிடங்களில் எல்லாக் கவிகளும் யுனிகோட் தமிழாகிவிட்டன.

தீர்க்க முடியாத குறை பிறகுதான் தெரிந்தது. ஒரு கவியின் கீழே “சிரித்தா” என்று ஒரேயொரு சொல் இருந்தது. அதைப் பாடிவிட்டு மூத்தம்மா சிரித்திருக்கிறார். ஏன் சிரித்தார்? அக்கவியில் ஊரிலுள்ள யாரையேனும் சுட்டும் குத்தல் இருந்ததா? பாடக்கூடாத ஒன்றைப் பேரனிடம் பாடிவிட்ட கூச்சமா? எனக்கு நினைவில்லை. அன்று இன்னொரு வரி எழுத அரை நிமிடங்கூடச் சென்றிராது. கவிகள் கிடைத்தன, கவிகளைப் பற்றி எழுதுவதற்கு என்னிடம் எதுவுமிருக்கவில்லை.

இந்த அனுபவத்தோடுதான் டியாகோ ஃபோர்டேயின் நூலைப் படித்தேன். ‘இரண்டாவது மூளையொன்றைக் கட்டியெழுப்புதல்’ என்று பொருள்படும் தலைப்பில் 2022இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூல் அது. பிடித்துவைத்தல், ஒழுங்குபடுத்தல், சாரம் எடுத்தல், வெளிப்படுத்தல் என நான்கு படிகளை அவர் கூறுகிறார். குறிப்புகளைப் பாடவாரியாகப் பிரிக்காமல், கையிலுள்ள வேலைக்கு எது உதவும் என்பதைக் கொண்டு பிரிக்குமாறு சொல்வது நல்ல யோசனை. பாடக்குறிப்புத் தயாரிப்பதில் எனக்கு அது பயன்பட்டது. எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள், உள்ளத்தைத் தொடுவதை மட்டும் எடுங்கள் என்றும் அவர் எச்சரிக்கிறார். ஆகவே, அவர் வெறும் சேகரிப்பை ஊக்குவிக்கிறார் என்று கூறுவது நியாயமாகாது.

எனினும் அந்நூலில் ஓர் எடுகோள் மறைந்திருக்கிறது. மூலம் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்பதே அது. ஒரு பந்தியைப் பிடித்துவைக்கிறோம். பின்னொரு நாள் அதில் முக்கியமான வரிகளைத் தடித்த எழுத்தாக்குகிறோம். இன்னொரு நாள் சுருக்கம் எழுதுகிறோம். சந்தேகம் எழுந்தால் நூலுக்கே திரும்பலாம். நூல்களையும் ஆவணங்களையும் வைத்துத் தொழில் செய்பவர்களுக்கு இது பொருந்தும். மூலம் ஒரு மனிதராக இருக்கும்போது பொருந்தாது. மனிதர் ஒருநாள் இல்லாமற் போவார். நம் பிரதேச இலக்கியத்தின் பெரும்பகுதி இன்னும் மனிதர்களிடம்தான் இருக்கிறது. ஆதலால் சிந்தனையைப் பிந்திய படிக்கு ஒத்திவைக்கும் வசதி நமக்கில்லை.

இத்துறையில் பலரும் முன்னோடியாகக் காட்டுபவர் ஜேர்மனியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான். 1998இல் மறைந்த அவர் விட்டுச்சென்ற சீட்டுகள் சுமார் 90,000. மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்த அவற்றை பீலெபெல்ட் பல்கலைக்கழகம் 2011இல் பெற்றுக்கொண்டது. இந்த எண்ணிக்கையைக் கேட்டு வியக்கும் நாம், சீட்டுகள் எழுதப்பட்ட விதத்தைக் கவனிப்பதில்லை. அவர் பந்திகளைப் பெயர்த்தெழுதிச் சேர்க்கவில்லை. வாசித்ததிலிருந்து தனக்கு எழுந்த எண்ணத்தையே பெரும்பாலும் எழுதினார். ஒவ்வொரு சீட்டுக்கும் நிலையான இலக்கம் உண்டு. 57/12 என்ற சீட்டிலுள்ள எண்ணத்திலிருந்து ஒரு கிளை பிரிந்தால் அது 57/12அ ஆகும். புதிய சீட்டை எங்கே வைப்பது என்று முடிவுசெய்ய, பழைய சீட்டுகளை மீண்டும் வாசிக்க வேண்டும். அந்த வாசிப்பே அவருடைய சிந்தனைப் பயிற்சியாக இருந்தது. தன் பெட்டியைத் தன்னோடு உரையாடும் ஒரு துணையாக அவர் 1981இல் ஒரு கட்டுரையில் வர்ணித்தார். செயலியில் இரு குறிப்புகளை இணைக்க ஒரு விநாடி போதும். இணைப்பு ஏற்பட்டுவிடுகிறது, ஏன் இணைத்தோம் என்பது எழுதப்படுவதில்லை. என்னுடைய “சிரித்தா” என்ற சொல்லும் அவ்வாறான ஓர் இணைப்புத்தான்.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் நாம் எதையும் வகைப்படுத்தாமல் போடுகிறோம். ஆனால் சாதாரணத் தேடலில் ‘வயல்’ என்று தேடினால் ‘வயலில்’ என்ற சொல் அகப்படாது. வேற்றுமை உருபு சேரும்போது லகரத்தின் புள்ளி போய்விடுகிறது. கணினிக்கு அது வேறு எழுத்துத் தொடர். ‘மரம்’ என்று தேடுபவருக்கு ‘மரத்தில்’ கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் இரண்டு மூன்று தலைச்சொற்களை வேர் வடிவில் எழுதிவைப்பது அவசியம். லூமானுடைய இரண்டாவது தொகுதியில் ஏறக்குறைய 67,000 சீட்டுகள் இருந்தன. அவற்றுக்கான சொல்லடைவில் இருந்தவை சுமார் 3,200 சொற்கள் மட்டுமே. எதைத் தலைச்சொல்லாக்குவது என்று தீர்மானிப்பதும் ஒரு விமர்சனச் செயலே.

இதைச் சொல்லும்போது நம் விமர்சனக் கட்டுரைகளையும் நினைக்காமலிருக்க முடியவில்லை. ஒரு சிறுகதைத் தொகுதி பற்றிய கட்டுரையில் அரைவாசி மேற்கோள்களாகவும் மீதி அவற்றை ஒட்டும் வாக்கியங்களாகவும் அமைந்திருப்பதைக் காண்கிறோம். எழுதியவர் நிறைய வாசித்திருக்கிறார் என்பது தெரிகிறது. அவர் என்ன நினைக்கிறார் என்பது தெரிவதில்லை. நானும் அவ்வாறு எழுதியிருக்கிறேன். குறிப்பேட்டில் நம் குரல் இல்லையென்றால் கட்டுரையில் அது திடீரென வந்துவிடாது.

தற்போது நான் ஒப்சிடியன் என்ற செயலியைப் பயன்படுத்துகிறேன். 2020இல் வெளிவந்த இது, குறிப்புகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக நம் கருவியிலேயே வைக்கிறது. செயலி இல்லாமற் போனாலும் கோப்புகளைத் திறக்கலாம். பாமினியில் பட்ட பாடு அப்படியோர் ஏற்பாட்டைத் தேட வைத்தது. ஆனால் செயலி எதுவாயினும் நான் கடைப்பிடிப்பது ஒரே விதி. ‘இதை ஏன் எழுதி வைக்கிறேன்’ என்ற கேள்விக்கு என் சொந்த வாக்கியம் ஒன்று இல்லாமல் எந்தக் குறிப்பையும் மூடுவதில்லை. அந்த வாக்கியம் வராவிட்டால் குறிப்பை அழித்துவிடுகிறேன். இதனால் என் குறிப்புகளின் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. பாடம் நடத்தும்போதும் எழுதும்போதும் கைகொடுப்பவை எஞ்சியவைதான்.

சென்ற நோன்புப் பெருநாளன்று அந்தக் கவியைச் சாச்சியிடம் வாசித்துக் காட்டினேன். “உம்மா இதையுமா உனக்குப் பாடின?” என்று கேட்டு அவரும் சிரித்தார். காரணம் கேட்டேன். “எனக்கும் சரியாத் தெரியாது மகன். பொம்புளையள் கூடியிருக்கக்குள்ளதான் பாடுவாங்க” என்றார். அன்றிரவே கவியின் கீழே, “சிரித்தா” என்ற சொல்லுக்குப் பின்னால், சாச்சி சொன்னதையும் கேட்ட திகதியையும் எழுதி வைத்தேன். கட்டுரையை இனித்தான் தொடங்க வேண்டும்.