பேக்கப் டிரைவில் இருந்தே எழும்பும் பழைய ஐமேக்

கல்வெட்டு வேலைக்குத் தவணை கேட்க முடியாது. ஒருவர் இறந்த 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் அந்த நினைவு மலர் இருந்தாக வேண்டும். அதற்குச் சில நாள் முன்பே பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்விட வேண்டும். இந்த வேலை செய்கிற எனக்குக் கணினியைப் பற்றி இருக்கிற முதல் கேள்வி, அது படுத்தால் எத்தனை நிமிடத்தில் எழும்பும் என்பதே. திருகோணமலை பாலையூற்றில் என் மேசையில் இருப்பது 2013 கடைசியில் வந்த 21.5 அங்குல ஐமேக். பல வாரங்களாக அது தன் உள் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல், பின்பக்கம் செருகிய பேக்கப் டிரைவில் இருந்தே ஓடுகிறது. இப்படி ஓடுவது முன்பைவிட நன்றாகவே இருக்கிறது.

ஏன் இன்னும் அந்தப் பழைய மெஷின் என்று கேட்பார்கள். என்னிடம் இருக்கும் மலர்களில் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில், இன்டிசைன் சிஎஸ்6இல் கட்டப்பட்டவை. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ‘அம்மா’ என்று அடித்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து நிற்கும். சிஎஸ்6 ஒரு 32 பிட் மென்பொருள். அதை ஓடவிடும் கடைசி மேக் இயங்குதளம் 2018இல் வந்த மொஹாவி. அடுத்த வருடம் வந்த கேட்டலினா 32 பிட் மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்திவிட்டது. ஆகவே மொஹாவியும் இந்த ஐமேக்கும் எனக்குப் பிரிக்க முடியாத சோடி.

உள்ளே இருப்பது நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் ஹார்ட் டிஸ்க். மொஹாவி நிறுவும்போது அதை ஏபிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிவிடும். ஏபிஎஃப்எஸ் ஃபிளாஷ் நினைவகத்துக்காகவே எழுதப்பட்டது. சுற்றும் தட்டில் அது மூச்சு வாங்கும். டிஸ்க்கை மாற்றலாம் என்றால், 2012 கடைசியில் இருந்து வந்த ஐமேக்குகளில் திரை பசைப் பட்டியால் ஒட்டப்பட்டிருக்கிறது. பசையை அறுத்துத் திரையைக் கழற்ற வேண்டும். அதற்காக இவ்வளவு பெரிய கண்ணாடியைச் சுமார் 260 கிலோமீட்டர் பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோக நான் தயாராக இல்லை.

கார்பன் கொப்பி குளோனரால் உள் டிஸ்க்கை அப்படியே ஒரு எஸ்எஸ்டியில் பிரதி எடுத்தேன். சூப்பர் டூப்பரும் இதே வேலையைச் செய்யும். அதன் முழுப் பிரதி வசதி இலவசம். பிறகு கணினியை நிறுத்தி, ஆன் பண்ணி, அந்த ஆரம்ப மணி கேட்டவுடன் ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தேன். திரையில் இரண்டு டிரைவ் படங்கள் வந்தன. சாம்பல் நிறத்தில் உள் டிஸ்க், செம்மஞ்சள் நிறத்தில் வெளி டிரைவ். செம்மஞ்சளைத் தெரிவு செய்தேன். கடவுச்சொல் கேட்டது. பிறகு என் மேசைத்திரை, என் பாமினி, விசைப்பலகை அமைப்பு, பாதியில் விட்ட பக்கம் எல்லாம் இருந்த இடத்திலேயே வந்து நின்றன. இன்டிசைன் முன்பு தேநீர் ஊற்றிவிட்டு வரும் வரை குதித்துக்கொண்டிருக்கும். இப்போது சட்டென்று திறக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி அளவில் வாசிக்கும், யூஎஸ்பி 3 வழியாக எஸ்எஸ்டி 400ஐத் தாண்டும். வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று: என் பேக்கப் உண்மையிலேயே முழுமையானது என்பதை முதல் தடவையாகக் கண்ணால் கண்டேன். டைம் மெஷின் பழைய கோப்பைத் தேடி எடுக்க அருமையானது. ஆனால் டிஸ்க் செத்த இரவில் அது மீட்டெடுக்க மணித்தியாலங்கள் கேட்கும், மீட்டெடுத்து வைக்க நல்ல டிஸ்க் ஒன்றும் கேட்கும்.

எரிச்சல்களும் உண்டு. கடையில் வாங்கும் டிரைவ் பெரும்பாலும் விண்டோஸுக்குத் தோதாகவே வரும். அதை ஜியுஐடி பகிர்வு முறையில் முழுதாக அழித்து அமைத்தால்தான் இன்டெல் மேக் அதிலிருந்து ஒழுங்காக எழும்பும். அந்தத் தெரிவைக் காட்ட வேண்டிய டிஸ்க் யூட்டிலிட்டியோ, ‘எல்லாச் சாதனங்களையும் காட்டு’ என்பதை மெனுவில் தேடி அழுத்தும் வரை டிரைவின் மேற்பகுதியையே மறைத்து வைக்கிறது. அவசரத்தில் இருக்கிற மனிதரிடம் இருந்து மிகத் தேவையான பொத்தானை ஒளிப்பது என்ன வடிவமைப்பு?

அடுத்தது கேபிள். மலிவு டிரைவ்களில் வரும் அந்த அகலமான மைக்ரோ பி முனையை நான் வெறுக்கிறேன். வெறும் கோப்பு வைக்கும் டிரைவ் கழன்றால் ஒரு எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். இயங்குதளமே அதில் இருக்கும்போது முனை ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் முழுக் கணினியும் உறைந்துவிடும். துறைமுகத்து உப்புக்காற்று உலோக முனைகளை விட்டுவைக்காத ஊர் இது. டைப் சி முனை உள்ள டிரைவ் வாங்குங்கள், ஹப் வழியாகச் செருகாதீர்கள், கேபிளை ஐமேக்கின் காலோடு நாடாவால் கட்டிவிடுங்கள். 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நமக்கு யூபிஎஸ் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, பிரதியின் பெயரும் மூலத்தின் பெயரும் ஒன்றாகவே இருப்பது. எந்த டிஸ்க்கில் சேமிக்கிறோம் என்பதே குழம்பிவிடும். மறு பிரதி எடுக்கும்போது திசை மாறினால் புதிய வேலையின் மேல் பழையது எழுதப்படும். முதல் நாளே ஒன்றுக்கு ‘உள்’, மற்றதற்கு ‘வெளி’ என்று பெயர் வையுங்கள். அந்த வெளி டிரைவில் வேலை செய்யத் தொடங்கிய நிமிடத்தோடு அது பேக்கப்பாக இருப்பது முடிந்தது. இன்னொரு டிரைவ் கட்டாயம் வேண்டும். இரவில் ஓடும் அந்த இரண்டாவது பிரதிக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க் போதும்.

அப்பிள் மீது எனக்குப் பழைய பாசம் இருக்கிறது. எந்த டிஸ்க்கில் இருந்தும் எழும்பு என்று ஒரே விசையில் விட்ட நிறுவனம் அது. அதனால்தான் இப்போது நடப்பது கோபமூட்டுகிறது. டி2 சிப் உள்ள 2020 ஐமேக், வெளி டிரைவில் இருந்து எழும்புவதை ஆரம்பத்திலேயே தடுத்து வைத்திருக்கிறது. அந்தத் தடையை நீக்க உள் டிஸ்க்கில் இருக்கும் நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் வேண்டும். டிஸ்க் செத்த பிறகு அது எங்கே கிடைக்கும்? எம்1 சிப்பில் தொடங்கிய மேக்குகளில் உள் சேமிப்பகம் செத்தால் வெளி டிரைவாலும் எழுப்ப முடியாது. திருட்டுக்கு எதிரான பாதுகாப்பு என்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் பத்து வருடம் கழித்து அந்த மெஷினை வைத்திருக்கப்போகும் நம்மைப் போன்றவர்களை யாரும் நினைக்கவில்லை. 2020 ஐமேக் கையில் இருந்தால் இன்றைக்கே, டிஸ்க் நன்றாக இருக்கும்போதே, ஸ்டார்ட்அப் செக்யூரிட்டி யூட்டிலிட்டியில் அந்தத் தடையை எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி அநேகமாகச் சரிவராது. உள் டிஸ்க்கின் பிரதியை யூஎஸ்பியில் இருந்து எழுப்பினால் நீலத் திரையில் நிற்கும். லினக்ஸ் என்றால் தாராளமாக எழும்பும். பழைய இன்டெல் ஐமேக், அதுவும் 2012க்குப் பிந்திய யூஎஸ்பி 3 உள்ளது, வைத்திருப்பவர்கள் திரையைக் கழற்றும் செலவில் இறங்குவதற்கு முன் ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்கள். 2011 மாடலில் யூஎஸ்பி 2 மட்டுமே. அதில் எழும்பும், ஆனால் இந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது.