எடைக்குப் போகவிருந்த சக்கு

லேத்துப் பட்டறை வேலைகளிலேயே எனக்கு ஆகப் பிடித்த வேலை எது என்று கேட்டால் இப்போது யோசிக்கவே மாட்டேன். தேய்ந்துபோன மூன்று ஜா சக்கைக் கழற்றி, கழுவி, அதன் ஜாக்களை அதே லேத்தில் ஓடவிட்டே சாணை பிடித்துச் சீராக்கும் வேலைதான். செலவு கொஞ்சம், பொறுமை நிறைய. கடைசியில் டயல் முள் அநேகமாக அசையாமல் நிற்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அப்பப்பா!

கோவை ஆவாரம்பாளையத்துப் பட்டறை ஒன்றில் வாங்கிய பழைய லேத்தோடு வந்த 200 மில்லிமீட்டர் சக்கு அது. இரும்பு வார்ப்பு உடம்பு, நல்ல கனம். பளபளப்பான தண்டைப் பிடித்து டயல் வைத்தால் ஜாவுக்குப் பக்கத்திலேயே முள் 0.20 மில்லிமீட்டர் ஆடியது. 100 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் ஆட்டம் இரண்டு மடங்குக்கும் மேல். சாமான் கடையில் கேட்டேன். "இதையெல்லாம் எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார்கள். பக்கத்துப் பட்டறையில் காலமெல்லாம் டர்னராக இருந்த பெரியவர் மட்டும் ஜாவின் வாயைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சக்கு நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. வாய்தான் விரிஞ்சு போச்சு. மொதல்ல கழட்டிக் கழுவுங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

கழற்றினால்தான் தெரிகிறது, இந்தச் சாதனம் எவ்வளவு அழகான யோசனை என்று! உள்ளே ஸ்க்ரோல் என்ற வட்டத் தகடு. அதன் முன்பக்கம் கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஓடும் திருகுவரி. பின்பக்கம் சாய்ந்த பற்கள். பக்கவாட்டில் உள்ள பினியன்களில் எதைச் சாவி போட்டுத் திருகினாலும் ஸ்க்ரோல் சுழல்கிறது, மூன்று ஜாக்களும் ஒன்றாக நகர்கின்றன. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்காரர் சைமன் ஃபேர்மனையும் அவருடைய மருமகன் ஆஸ்டின் குஷ்மனையும்தான் இந்த வகைச் சக்குக்கு முன்னோடிகள் என்று சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு யோசனை. கோவை சந்துகளில் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.

மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுப் பித்தளைப் பிரஷால் தேய்த்தேன். ஸ்க்ரோலின் வரிக்குள்ளிருந்து கருப்புக் களியாக வந்தது: பழைய கிரீஸும் வார்ப்பிரும்புத் தூளும் சேர்ந்து இறுகிப்போன களி. ஒரு ஜாவின் பல்லுக்கு அடியில் இது சிக்கினாலே போதும், ஜாப் சென்டரை விட்டு விலகிவிடும். அதனால்தான் சக்குக்குள் கிரீஸை அப்பாதீர்கள் என்று சொல்கிறேன். கிரீஸ் சுருளையும் தூளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சே போதுமானது. பினியன் சதுரக் குழியின் விளிம்பில் எழும்பியிருந்த பிசிறை எண்ணெய்க் கல்லால் தேய்த்துவிட்டேன். சாவி 'சடக்'கென்று உட்கார்ந்தது.

திருப்பிப் பூட்டும்போது ஜாக்களின் எண்ணை விடாமல் பார்க்க வேண்டும். 1, 2, 3 என்று ஜாவிலும் குத்தியிருக்கும், உடம்பின் காடியிலும் குத்தியிருக்கும். ஒவ்வொரு ஜாவின் பற்களும் வரி இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு தள்ளித் தள்ளி வெட்டப்பட்டவை. ஸ்க்ரோல் வரியின் முனை முதல் காடியில் தலைகாட்டியதும் கொஞ்சம் பின்வாங்கி 1-ஐ இறக்கி, அது பிடித்ததும் சுழற்றிக்கொண்டே 2, பிறகு 3. மூன்றும் ஒரே நேரத்தில் நடுவில் வந்து முட்டும் அந்தக் கணம் ஒவ்வொரு தடவையும் எனக்குப் புதுசுதான்.

கழுவியதிலேயே பாதி ஆட்டம் போய்விட்டது! மீதிக்குக் காரணம் பெரியவர் சொன்ன வாய் விரிவு. வருஷக்கணக்கில் சின்னச் சின்ன ஜாப்களை நுனியில் மட்டும் பிடித்துப் பிடித்து ஜாவின் முன்பக்கம் தேய்ந்துவிடும். பின்பக்கம் மட்டும் பிடிக்கும், முன்பக்கம் சும்மா நிற்கும். தண்டுக்கும் ஜாவுக்கும் நடுவே டார்ச் அடித்தால் வெளிச்சம் தெரியும்.

ஜா கடினப்படுத்திய எஃகு. சாதாரண டூலுக்கு மசியாது. டூல் போஸ்ட்டில் சிறிய கிரைண்டரை இறுகக் கட்டினேன். அதற்கு முன் செய்ய வேண்டியதுதான் இந்த வேலையின் உயிர்நாடி: ஜாக்கள் ஜாப்பைப் பிடிக்கும்போது எப்படி இறுகி நிற்குமோ, அப்படி இறுக்கி வைத்துத்தான் சாணை பிடிக்க வேண்டும். தளர்வாக விட்டுப் பிடித்தால் அத்தனையும் வீண். நடுவில் பெரிய ஓட்டையும் சுற்றி மூன்று பிளவும் உள்ள தகடு ஒன்றை வெட்டிக்கொண்டேன். ஜாவின் மூக்குக்கு இருபுறமும் உள்ள சரிவில் அது முட்டி நிற்கும், பிடிக்கும் முகம் மட்டும் திறந்திருக்கும். பெட்டையும் கேரேஜையும் துணி போட்டு முழுக்க மூடினேன். கல்தூள் பெட்டில் இறங்கினால் சக்கைக் காப்பாற்றப் போய் லேத்தையே கெடுத்த கதையாகிவிடும். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம்.

சக்கு மெதுவாக ஓட, கல் வேகமாகச் சுழல, 0.01 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் கொடுத்து உள்ளே நகர்த்தினேன். முதலில் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு 'ஸ்ஸ்'. ஒரு ஜா மட்டும் உரசுகிறது. இன்னும் கொஞ்சம் கொடுத்ததும் இரண்டு. பிறகு மூன்றும் சீராக, தாளம் பிசகாமல். ஜாவின் முன் நுனியில் கடைசிவரை கருப்பாக நின்ற பட்டையும் மெல்ல மெல்லக் குறுகி, மறைந்து, வெள்ளி மாதிரி மின்னியது. அதற்குப் பிறகு எதுவும் கொடுக்காமல், பொறி அடங்கும் வரை கல்லை முன்னும் பின்னும் ஓட்டினேன்.

தகட்டைக் கழற்றி, மறுபடி கழுவி, அதே தண்டைப் பிடித்து டயல் வைத்தேன். ஜா பக்கத்தில் 0.03. தள்ளி வைத்தாலும் 0.05 தாண்டவில்லை. புதுச் சக்கே பல நேரம் இதைவிட அதிகம் ஆடும்! பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இனி உங்க காலத்துக்கும் ஓடுமுங்க" என்றார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்க்ரோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. எந்த விட்டத்தில் சாணை பிடித்தோமோ அங்கேதான் இந்தத் துல்லியம் முழுதாகக் கிடைக்கும். மற்ற விட்டங்களில் சற்றுக் கூடக் குறைய இருக்கும். நான் அடிக்கடி பிடிப்பது 25 மில்லிமீட்டர் தண்டு, அதனால் அதையொட்டியே வைத்தேன். அப்பழுக்கில்லாத சென்டர் வேண்டுமென்றால் நான்கு ஜா சக்குதான். அதில் ஒவ்வொரு ஜாவையும் தனித்தனியாக நகர்த்திக்கொள்ளலாம். பழைய வார்ப்பிரும்புச் சக்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விரிசல் கண்டால் யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள். விரிசல் இல்லாவிட்டாலும் அதை அதிக வேகத்தில் ஓட்ட வேண்டாம், வார்ப்பு தெறித்துவிடும்.

உங்கள் பட்டறை மூலையிலும் "ஆடுது" என்று ஒதுக்கிய சக்கு ஒன்று கிடக்கும். எடைக்காரர் வருவதற்குள் அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் போடுங்கள். கழற்றும்போது பெட்டின் மேல் ஒரு மரப்பலகை வைக்க மறக்காதீர்கள்.