குழலை அளந்து வார்த்த குண்டு

அமெரிக்காவில் நூறு வயது கடந்த லீவர் துப்பாக்கிகளை இன்னும் சுட்டுக்கொண்டிருப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. செம்பு உறை போட்ட குண்டு பொருத்திய தோட்டாவைக் கடையில் வாங்கிச் சுடுபவர்கள் ஒரு கட்சி. வீட்டுக் கொட்டகையில் காரீயத்தை உருக்கி அச்சில் ஊற்றி, குண்டைத் தாங்களே வார்த்துக்கொள்பவர்கள் இன்னொரு கட்சி. பின்னவர்கள் எண்ணிக்கையில் குறைவு, பேச்சில் அதிகம். பழைய துப்பாக்கிக்கு வார்ப்புக் குண்டுதான் பிறவித் தீனி, அதுதான் குழலைத் தேயாமல் காக்கும், செலவும் கம்மி என்பார்கள். இந்த மூன்றிலும் பாதிக்குமேல் உண்மை இல்லை. அந்தப் பழக்கத்தை உண்மையில் தாங்கி நிற்பது வேறொரு காரணம். அதை அவர்கள் கடைசியில்தான் சொல்வார்கள், சொன்னால்.

லீவர் துப்பாக்கியைக் கௌபாய் படம் பார்த்த எவரும் அறிவர். விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தை முன்னுக்குத் தள்ளிப் பின்னுக்கு இழுத்தால் காலிக்கூடு வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். பெரும்பாலான மாதிரிகளில் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் உண்டு. தோட்டாக்கள் அதில் ஒன்றின் மூக்கு அடுத்ததன் பின்புறத்தைத் தொட வரிசையாகப் படுத்திருக்கும். நம் பக்கத்துக் காடுகளில் புகழ்பெற்ற லீவர் துப்பாக்கி கென்னத் ஆண்டர்சனுடையது. ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அவர் தூக்கிக்கொண்டு நடந்த 405 வின்செஸ்டர், 1895 மாதிரி. அதில் குழாய் கிடையாது, பெட்டிதான். ஆகவே இங்கே பேசப்போகும் சங்கடங்களில் சில அவருக்கு இல்லை.

பிறவித் தீனி என்ற வாதத்தை முதலில் பார்க்கலாம். வின்செஸ்டர் 1873 மாதிரிக்கு அது பொருந்தும். அதன் 44-40 தோட்டாவில் 40 கிரெயின் கருமருந்து, அதன்மேல் 200 கிரெயின் எடையுள்ள வெறும் காரீயக் குண்டு. கடை எட்டாத மேய்ச்சல் நிலத்தில் இருப்பவன் தானே வார்த்துக்கொள்ளட்டும் என்று வின்செஸ்டரே அச்சும் கருவிகளும் விற்றது. 1884இல் நியூ ஹேவன் நகரில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம் இந்தத் தேவையை நம்பியே வளர்ந்தது. 1925இல் அதை லைமன் வாங்கியது. லைமன் பெயரில் அச்சுகள் இன்றும் விற்கின்றன. ஆனால் ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த 1894 மாதிரியின் கதை வேறு. முதலில் அது 32-40, 38-55 ஆகிய கருமருந்துத் தோட்டாக்களுக்கு வந்தது உண்மைதான். அடுத்த ஆண்டே நிக்கல் எஃகுக் குழலோடு 30-30 வந்துவிட்டது. புகையில்லா மருந்து, 160 கிரெயின் உறைக்குண்டு, நொடிக்கு 2,000 அடிக்குச் சற்றே குறைந்த வேகம். 70 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட அந்த மாதிரிக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே 30-30தான். அதற்கு வார்ப்புக் குண்டு ஊட்டிவிட்டு மரபைக் காக்கிறேன் என்பது, வரலாற்றைப் புரட்டிப் பார்க்காத பெருமை. சுட வேண்டாம் என்று சொல்லவில்லை. மரபு என்று சொல்ல வேண்டாம்.

குழல் தேய்மான வாதத்திலும் இதே பிரிவினை தேவை. கருமருந்துக் காலத்து மென்மையான குழல்களைச் செம்புறை அரிக்கும், சந்தேகமில்லை. நிக்கல் எஃகுக் குழல், மிதமான அழுத்தமுள்ள 30-30 தோட்டா என்றால் ஒரு வேட்டைக்காரர் ஆயுளுக்கும் சுட்டாலும் உறைக்குண்டால் அது சாகாது. அந்தக் காலத்துக் குழல்களைக் கொன்றது குண்டைவிட, மருந்துக்குத் தீமூட்டும் பிரைமர்தான். குளோரேட் கலந்த பழைய பிரைமர் வெடித்ததும் குழலுக்குள் உப்புப் படிவம் தங்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். 1920களின் பிற்பகுதியில் துருப்பிடிக்கவைக்காத பிரைமர்கள் கடைக்கு வரும்வரை, சுட்ட அன்றே தண்ணீர் விட்டுக் கழுவாத குழல் குழிகுழியாகப் போனது. இன்று கைக்குக் கிடைக்கும் பழைய துப்பாக்கியில் தெரியும் சேதம் பெரும்பாலும் இதுதான். இதில் ஒரு வேடிக்கை: அப்படிச் சொறிப்பட்ட குழலில் உறைக்குண்டு ஓரளவு ஒழுங்காகவே போய்விடும், மெல்லிய காரீயம்தான் குழிகளில் சிக்கி ஒட்டும்.

சரி, அந்த நான்காவது காரணம் என்ன? அளவு. பழைய துப்பாக்கித் தொழிற்சாலைகளில் குழலின் உள்விட்டம் இன்றைய துல்லியத்தில் இருக்கவில்லை. 38-55 துப்பாக்கிகளை எடுத்துக்கொள்வோம். குழலின் உட்சுவரில் வெட்டிய புரிக்காடியின் அடிவரை அளந்தால் 0.380 அங்குலத்தை ஒட்டியோ தாண்டியோ வருவது சாதாரணம். இன்றைய ஆலைகள் அதற்கென்று போடும் உறைக்குண்டு 0.375 அல்லது 0.377. ஆயிரத்தில் ஐந்து பங்கு அங்குலம் என்பது கேட்கச் சிறிதாக இருக்கலாம். குழலுக்குள் அது ஒரு வாசல். குண்டு புரியைச் சரியாகப் பிடிக்காது, வாயு பக்கவாட்டில் கசிந்து முந்தும், தாளில் விழும் துளைகள் பரந்து சிதறும். துப்பாக்கி செத்துவிட்டது என்று முடிவுகட்டிச் சுவரில் மாட்டிவிடுவார்கள். உண்மையில் அந்தத் துப்பாக்கிக்குப் போட்டது அடுத்தவர் சட்டை.

வார்ப்பவர் என்ன செய்கிறார்? முதலில் மென்காரீயக் கட்டி ஒன்றைக் குழலின் வாயிலிருந்து தட்டித் தள்ளி மறுபுறம் எடுக்கிறார். அதில் பதிந்த அளவை மைக்ரோமீட்டரில் பார்க்கிறார். அதைவிட ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு பெரிதாகக் குண்டு விழும் அச்சைத் தேர்ந்தெடுக்கிறார். 0.381 வேண்டுமா, 0.381. ஆலையில் செய்யும் எந்தத் தோட்டாவாலும் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் ஆலை எல்லோருடைய துப்பாக்கிக்கும் சேர்த்து ஒரே அளவில் செய்கிறது. சுவரில் மாட்டிய துப்பாக்கி இறங்கிவந்து ஒழுங்காகச் சுடுவதற்கு வேறு மாயம் எதுவும் இல்லை.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. பெரிய குண்டை மாட்டினால் தோட்டாவின் கழுத்து பருக்கும். இன்றைய பித்தளைக்கூட்டின் சுவர் தடித்திருந்தால் அறைக்குள் நுழையாது. 38-55க்கு இரண்டு நீளங்களில் கூடு விற்பனைக்கு உண்டு; ஆட்கள் ஒன்றை விட்டு ஒன்றை வாங்கிப் பார்ப்பது இதனால்தான். வளையத்தைத் தள்ளி இழுக்கும் இந்த இயந்திரத்துக்கு, சிக்கிய தோட்டாவை இழுத்துப் பிடுங்கும் வலு போல்ட் துப்பாக்கி அளவுக்கு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளவைக் கவனிக்காதவர்கள் கடினத்தைத் துரத்துகிறார்கள். இந்தப் பழக்கத்தின் மிகப் பரவலான தவறு இதுதான் என்பேன். குழலில் காரீயம் ஒட்டுகிறதா, குண்டு மென்மையாகிவிட்டது, இன்னும் ஆண்டிமனி சேர் என்பது முதல் அறிவுரை. 90 பங்கு காரீயம், 5 வெள்ளீயம், 5 ஆண்டிமனி என்பது லைமனின் புகழ்பெற்ற இரண்டாம் எண் கலவை. பிரினெல் அளவுகோலில் கடினம் 15. தூய காரீயம் 5தான். அச்சகங்களின் லைனோடைப் உலோகம் 22ஐத் தொடும். ஆனால் குறைந்த அழுத்தத்தில் சுடும்போது கடினக் குண்டு அடிப்புறம் பருத்துக் காடியை நிரப்பாது, அப்படியே போகும். குண்டு சிறிதாகவும் இருந்தால் சூடான வாயு ஓரத்தை அறுத்துக்கொண்டு முந்துகிறது. அறுபட்ட காரீயம் குழலில் பூசிக்கொள்கிறது. கடினம் கூடக்கூட நோய் முற்றும். கருமருந்துக் காலத்துக்காரர்கள் வெள்ளீயம் கொஞ்சம் கலந்த மென்காரீயத்தையே நம்பினார்கள். கருமருந்து வெடிக்கும் வேகத்தில் குண்டின் அடி தானே பருத்துக் குழலை அடைத்தது. 30-30 வேகத்துக்குப் போக வேண்டுமானால் பார்லோ காட்டிய வழி இருக்கிறது: குண்டின் அடியில் செம்புத் தொப்பி ஒன்றைக் கவிழ்ப்பது. அதோடு தேன்மெழுகு கலந்த மசகு. மார்லின் துப்பாக்கிகளின் ஆழமில்லாத நுண்புரிக் குழலுக்கு வார்ப்புக் குண்டு ஆகாது என்ற பழிச்சொல்லும் அளவுப் பிரச்சினைதான். கொஞ்சம் பெரிதாகப் போட்டால் பெரும்பாலும் ஒழுங்காகவே சுடுகிறது.

குழாயில் வரிசையாகப் படுக்கும் தோட்டாவுக்கு மூக்கு தட்டையாக இருக்க வேண்டும். கூர்மூக்கு முன்னிருக்கும் தோட்டாவின் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருந்தால், சுடும் உதைப்பில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். தட்டைமூக்கு அச்சுகள் எளிதில் கிடைப்பதால் வார்ப்பவருக்கு இது பெரிய சுமை இல்லை. மொத்த நீளம்தான் சுமை. 1873 மாதிரியின் தூக்குக்கட்டை சரியாக ஒரு தோட்டாவின் நீளத்துக்குக் கடைந்தது. தோட்டா குட்டையானால் அடுத்ததன் விளிம்பு உள்ளே நீட்டி இயந்திரத்தைப் பூட்டிவிடும். நீளமானால் கட்டை மேலே எழவே எழாது. 1987இல் தொடங்கிய சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் கௌபாய் போட்டிகளில் இந்தச் சிரமத்தோடுதான் பலரும் மல்லுக்கட்டுகிறார்கள். அங்கே காரீயக் குண்டு கட்டாயம், துப்பாக்கியில் நொடிக்கு 1,400 அடி உச்சவரம்பு. அருகில் நிற்கும் எஃகுத் தகட்டில் உறைக்குண்டு பட்டுத் திரும்பித் தெறித்தால் ஆபத்து. விதி நியாயமானது, அங்கே வார்ப்புக் குண்டு விருப்பம் அல்ல, தேவை.

மென்மையான சுடுதலே அதன் பெரிய அபாயத்தையும் கொண்டுவருகிறது. குறைந்த வேகத்துக்கு வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்தைக் கொஞ்சமாகப் போடுவார்கள். பெரிய கூட்டின் அடியில் அது சிறிது இடத்தையே அடைக்கும். கவனம் தப்பி அதே கூட்டில் இரண்டாம் முறை கொட்டினாலும் வழியாது, கண்ணுக்கும் தெரியாது. கருமருந்து கூட்டை நிரப்பியது, இருமடங்கு போடவே இடமில்லை. அந்தப் பாதுகாப்பு தற்செயலாக அமைந்தது. நூறு வயது இரும்பின் தாங்குதிறனை எந்தக் கையேடும் உறுதிசெய்யாது. ஒவ்வொரு கூட்டையும் விளக்கொளியில் எட்டிப் பார்க்கப் பொறுமை இல்லாதவர் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

செலவு மிச்சம் என்ற பேச்சை நான் அதிகம் மதிப்பதில்லை. டயர் கடையில் சக்கரச் சமன் எடைகளை வாளி வாளியாக இலவசமாக அள்ளிய காலத்தில் உருவான கணக்கு அது. இப்போது அந்த வாளியில் பாதி இரும்பும் துத்தநாகமும். துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327இல். அடுப்பு சூடேறித் துத்தநாகம் கலந்துவிட்டால் அந்த ஈடு முழுவதும் அச்சில் சரியாக நிறையாத கூழாகிவிடும். அச்சகங்களின் எழுத்து உலோகமும் அருகிவிட்டது. கணினி அச்சுக்கோப்பு வந்ததும் நம் ஊரில் ஈய எழுத்துகளைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டதுபோல அங்கேயும் போட்டார்கள். அச்சு, உலை, அளவுக் கருவி, மசகுக் கருவி, போகும் சனிக்கிழமைகள் எல்லாவற்றையும் கூட்டினால் மிச்சம் என்பது பிடித்த வேலைக்குச் சொல்லும் சாக்கு. 38-55 போன்ற, கடையில் எப்போதாவது மட்டும் தலைகாட்டும் தோட்டாக்களுக்கு மட்டும் கணக்கு மாறும்.

உடல்நலம் பற்றிய பயத்தில் மிகையும் உண்டு, அலட்சியமும் உண்டு. வழக்கமாக வார்க்கும் சூட்டில் காரீய ஆவி மிகக் குறைவு. விஷம் பெரும்பாலும் கையோடு வாய்க்குப் போகிறது: மேலே மிதக்கும் கசடைத் தட்டும்போது பறக்கும் தூசி, கழுவாத விரலால் எடுத்த பிஸ்கட், வேலை உடுப்போடு தூக்கிக் கொஞ்சிய குழந்தை. குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் வரம்பைக் குறைத்தது. சமையலறை அடுப்பில் வார்க்கும் வழக்கத்தைப் பழங்கதை என்று ரசித்துப் பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

வேட்டையில் வார்ப்புக் குண்டு மெதுவாகப் போகும், அகன்ற தட்டைமூக்கால் நேராகத் துளைக்கும், மிதமான தூரத்தில் மானுக்குப் போதும். வேகமான மென்மூக்கு உறைக்குண்டு உடலுக்குள் நூறு துணுக்காகச் சிதறும். வார்ப்புக் குண்டு அவ்வளவு சிதறாது. ஆனாலும் காரீயம் காரீயம்தான். 1982இல் உலகத்திலேயே 22 மட்டும் மிஞ்சியிருந்த கலிஃபோர்னியா காண்டர் கழுகுகளுக்கு, வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற குடலில் கிடந்த காரீயத் துணுக்குகள் பெரும் எமனாக இருந்தன. 2008இல் அவற்றின் வாழிடத்தில் காரீயத் தோட்டா வேட்டைக்குத் தடை வந்தது. 2013இல் இயற்றிய சட்டத்தால் 2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியா மாநிலம் முழுவதும் எல்லா வேட்டையிலும் அதற்குத் தடை. சிதறும் குண்டு, சிதறாத குண்டு என்று சட்டம் பிரிக்கவில்லை. காட்டுக்குள் நின்று கலவையைச் சோதிக்க எந்த வனக்காவலராலும் முடியாது என்பதால், அந்த முடிவு சரியென்றே படுகிறது.

அதன் விலையைக் கொடுப்பவர் பழைய 38-55 வைத்திருக்கும் கலிஃபோர்னியாக்காரர். காரீயம் கலக்காத செம்புக் குண்டு பொதுவாக 0.375 என்ற நவீன அளவிலேயே செய்யப்படுகிறது. அவருடைய குழல் 0.380. செம்பு காரீயத்தைப்போலப் பருத்து இடைவெளியை அடைக்காது. சுடுதிடலில் தாளை நோக்கி அவர் தன் குழலுக்கென்று வார்த்த குண்டைத் தாராளமாகச் சுடலாம். மான் பருவம் வந்தால் அலமாரியிலிருந்து வேறு துப்பாக்கியைத்தான் எடுக்க வேண்டும்.