கையைப் பாருங்கள்: பெண்கள் ஜூடோவை எப்படி ரசிப்பது?

தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஜூடோ என்றால் முதலில் ஞாபகம் வருவது ஸ்டன்ட் மாஸ்டர் ஜூடோ ரத்தினம். அடுத்து, பழைய படங்களில் கதாநாயகன் விரல்களைச் சேர்த்து விறைப்பாக்கி வில்லன் பிடரியில் இறக்கும் வெட்டு. காஞ்சிபுரத்தில் பேச்செடுத்தால் மூன்றாவதாக ஒன்றும் வரும்: "அதெல்லாம் நம்ம ஊர் போதிதர்மர் கொண்டுபோனது சார்."

மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு வாருங்கள். ஜூடோ போட்டியில் அடியும் கிடையாது, உதையும் கிடையாது. கானோ ஜிகோரோ என்ற ஜப்பானிய ஆசிரியர், பழைய ஜுஜுட்சுவிலிருந்து ஆபத்தானவற்றைக் கழித்து 1882-ல் டோக்கியோவில் உருவாக்கிய கலை இது. போதிதர்மருக்கு இதில் வேலையில்லை. ஊர்ப் பெருமைதான் வேண்டுமென்றால், மாமல்லன் என்று பட்டம் சூட்டிக்கொண்ட நரசிம்மவர்மனின் தலைநகரம் நம்முடையது. அது போதும்.

உண்மையில் ஜூடோவை ரசிக்க நெசவு ஊர்க்காரர்களுக்கு வேறொரு தகுதி இருக்கிறது. இந்த ஆட்டத்தில் ஆயுதமே துணிதான். ஆட்டக்காரர் போடுவது தடித்த பருத்திச் சட்டை. சதுர மீட்டருக்கு 650 முதல் 750 கிராம் எடை இருக்க வேண்டும் என்று சர்வதேச சம்மேளனம் விதி வைத்திருக்கிறது. அரங்கத்துக்குள் போகுமுன் சட்டைக் கையின் நீளத்தையும் தளர்வையும் கருவி வைத்து அளக்கிறார்கள். கை குட்டையாகவோ இறுக்கமாகவோ இருந்தால் எதிராளிக்குப் பிடி கிடைக்காது, அது ஏமாற்று.

பட்டு எடுக்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர் முந்தியைப் பார்த்து மயங்கமாட்டார். புடவையைப் புரட்டி, உடலும் கரையும் சேரும் கோர்வையைத் தடவிப் பார்ப்பார். ஜூடோவில் அந்தக் கோர்வை, பிடி. ஆள் தூக்கி எறியப்படும் அந்த ஒரு நொடி முந்தி மாதிரி, கண்ணைப் பறிக்கும். ஆனால் தரம் அதற்கு முன்னாலேயே முடிவாகியிருக்கும்.

நடுவர் 'ஹஜிமே' என்றதும் இருவரும் பாய்ந்து கட்டிப் புரள்வதில்லை. கைகள் முன்னால் வரும், தொடும், தட்டிவிடும், பின்வாங்கும். "என்ன, சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள்" என்று புதியவர் சலித்துச் சேனலை மாற்றுவது இந்த இடத்தில்தான். ஆட்டம் நடப்பதும் இந்த இடத்தில்தான். வலது கைப் பழக்கக்காரர் வலது கையால் எதிராளியின் காலரையும் இடது கையால் அவருடைய சட்டைக் கையையும் பிடிக்கப் பார்ப்பார். காலரைப் பிடித்த கை எதிராளியின் தலையையும் முதுகையும் ஆளும். மற்ற கை அவரை இழுக்கும், திருப்பும். இரண்டும் அமைந்துவிட்டால் பாதி எறிந்த மாதிரி. அதனால் யாருக்கு இரண்டு பிடியும் வாய்த்தது, யார் ஒற்றைப் பிடியோடு தவிக்கிறார், யார் வந்த கையை வந்த வேகத்தில் அறுத்துவிடுகிறார் என்று மட்டும் பாருங்கள். ஒருவர் இடது கைக்காரராக இருந்தால் ருசி கூடும். இருவருடைய காலர் கைகளும் ஒரே பக்கத்தில் மோதிக்கொள்ளும். மேலே ஏறிய கைக்கு ஒரு பலன், உள்ளே புகுந்த கைக்கு ஒரு பலன்.

பிடி பிடிபட்டதும் கண்ணைக் காலுக்கு இறக்குங்கள். நல்ல ஆட்டக்காரர் நிற்கிறவரை எறிவதில்லை, நகர்கிறவரைத்தான் எறிவார். எதிராளி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றும் அந்தக் கணத்தில் பாதத்தைத் துடைத்தாற்போல் தட்டிவிடுவார்கள். பலமே இல்லாமல் ஆள் விழும். எனக்கு ஜூடோவில் ஆகப் பிடித்தது தோளுக்கு மேலே தூக்கிப் போடும் பெரிய எறிதல்களைவிட இந்தச் சின்னத் தட்டுதான்.

கணக்கு எளிது. எதிராளியை வேகத்தோடும் கட்டுப்பாட்டோடும் முதுகில் விழவைத்தால் இப்போன், ஆட்டம் அங்கேயே முடிந்தது. சற்றுக் குறைந்தால் வாசா-அரி. அப்படி இரண்டு சேர்ந்தால் இப்போன். 2017-ல் நீக்கிய யூகோ என்ற சின்னப் புள்ளியை 2025-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். தரையில் 20 விநாடி அமுக்கி வைத்தாலும் இப்போன்தான். சண்டை போடாமல் நழுவினால் ஷிடோ என்ற எச்சரிக்கை, மூன்றாவதில் வெளியே. ஆட்ட நேரம் 4 நிமிடம். சமனானால் நேர வரம்பில்லாத கோல்டன் ஸ்கோர்.

இனி ஒரு வீராங்கனையின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். மணிப்பூரின் சுசீலா தேவி லிக்மாபம், 48 கிலோ பிரிவு. நம் ஊரைப் போலவே வீட்டுக்கு வீடு தறி சத்தம் கேட்கும் மாநிலம் அது. அங்கே நெய்வது பெண்கள். இடுப்புக் கச்சையைப் பிடித்து மோதும் முக்னா என்ற மல்யுத்தமும் அவர்களுடைய பழைய சொத்து. சுசீலாவை ஜூடோவுக்குக் கூட்டிப்போனவர் அவருடைய சித்தப்பா, அவரே ஜூடோ வீரர். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 19 வயதில் வெள்ளி. இறுதியில் ஸ்காட்லாந்தின் கிம்பர்லி ரெனிக்ஸிடம் தோற்றார். 2022-ல் பர்மிங்காமில் மறுபடி வெள்ளி.

பதக்கப் பட்டியலை மட்டும் படித்தால் எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு வெள்ளி என்று தெரியும், அவ்வளவுதான். நடுவில் இருப்பதைப் படியுங்கள். 2018-ல் தொடைத் தசைக் காயம், ஜகார்த்தா ஆசியப் போட்டி போனது. ஒலிம்பிக் வாய்ப்பு தரவரிசைப் புள்ளிகளால் வருவது. புள்ளிகள் வெளிநாட்டுப் போட்டிகளில்தான் கிடைக்கும். அதற்கு டிக்கெட் வேண்டும். அந்தச் செலவுக்காகத் தன் காரை விற்றார் சுசீலா. 2021 ஏப்ரலில் பிஷ்கெக் போட்டிக்குப் போன இந்திய அணியில் இருவருக்குக் கொரோனா. அணி முழுவதும் ஆடாமலே விலக வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் கண்டங்களுக்கான ஒதுக்கீட்டில் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தேறினார். அங்கே இந்தியாவின் ஒரே ஜூடோ போட்டியாளர் அவர். முதல் சுற்றில் எதிரே வந்தவர் ஹங்கேரியின் ஈவா செர்னோவிஸ்கி, 2012 லண்டனில் வெண்கலம் வென்றவர். தோல்வி.

பர்மிங்காம் இறுதியைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். கால் விரலில் தையல் போட்ட நிலையில் சுசீலா இறங்கினார். எதிரில் தென்னாப்பிரிக்காவின் மிக்கேலா வைட்பாய். நான்கு நிமிடத்தில் முடிவு வரவில்லை. கோல்டன் ஸ்கோர் தொடங்கி 25-வது விநாடியில் ஒரே ஒரு வாசா-அரியில் வைட்பாய் வென்றார். ஸ்கோர் பலகை கடைசி எறிதலைத்தான் சொல்லும். அதற்கு முந்தைய நான்கு நிமிடமும் யார் பிடி யாரிடம் இருந்தது என்று நீங்களே மதிப்பெண் போட்டுப் பாருங்கள்.

நம் பத்திரிகைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: தோல்வியை விநாடியில் அளப்பது. 2012 லண்டனில் கரிமா சௌத்ரி 81 விநாடியில் தோற்றார் என்று எழுதினார்கள். 2024 பாரிஸில் துலிகா மான் 28 விநாடியில் தோற்றார் என்று எழுதினார்கள். துலிகாவின் எதிரே நின்றவர் கியூபாவின் இடாலிஸ் ஓர்டிஸ், நான்கு ஒலிம்பிக் பதக்கங்கள் வைத்திருந்தவர். ஒரே எறிதலில் முடியும் ஆட்டத்தில் விநாடிக் கணக்கு எதையும் சொல்லாது. காலிறுதிக்கு முன்னால் தோற்றவருக்கு ஒலிம்பிக்கில் இரண்டாவது வாய்ப்பும் கிடையாது, நேராக வீடுதான். இதே துலிகா 2022 பர்மிங்காம் இறுதியில் முன்னிலையில் இருந்துவிட்டுத்தான் இப்போனில் தோற்று வெள்ளி வாங்கினார். அதே ஆகஸ்டில் இன்னொரு மணிப்பூர்ப் பெண், லிந்தோய் சனாம்பம், சரயேவோவில் இளம் வயதினருக்கான உலக கேடட் போட்டியில் தங்கம் வென்றார். உலகப் போட்டிகளில் எந்தப் பிரிவிலும் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஜூடோ பதக்கம் அது.

பெண்கள் இந்த மேடைக்கு வந்த கதையும் தெரிந்திருந்தால் நல்லது. 1959-ல் நியூயார்க் மாநில ஒய்.எம்.சி.ஏ. போட்டியில் ரெனா கனோகோகி முடியை வெட்டி, மார்பைக் கட்டி, ஆணாக இறங்கி வென்றார். பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 1980-ல் முதல் பெண்கள் உலகப் போட்டியை அதே நியூயார்க்கில் நடத்திக் காட்டியவர் அவர்தான். 1992-ல் பார்சிலோனாவில் பெண்கள் ஜூடோ முறையான ஒலிம்பிக் போட்டியானது. 48 கிலோவில் அன்றைய வெள்ளி ஜப்பானின் ரியோகோ தமுராவுக்கு. 1996-லும் வெள்ளி, 2000-லும் 2004-லும் தங்கம், 2008-ல் வெண்கலம். சுசீலாவின் எடைப் பிரிவை ரசிக்கப் பழக இவருடைய ஆட்டங்களே பாடப் புத்தகம்.

முதல் முறை பார்க்கும்போது வர்ணனையின் ஒலியைக் குறைத்துவிடுங்கள். 48 கிலோவில் தொடங்குங்கள். முதல் ஒரு நிமிடம் நான்கு கைகளைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள். கூடவே தறி போடுகிற வீட்டுப் பெரியவர் யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளுங்கள். துணி எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதை நமக்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார். 2026 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கான பட்டியலில் பத்தே விளையாட்டுகள்தான். ஹாக்கி, மல்யுத்தம், பேட்மின்டன் எல்லாம் போய்விட்டன. ஜூடோ இருக்கிறது.